மூணு சாவி வரும்

மார்த்தாண்டத்தில் பூட்டுக்கடைக்குப் பஞ்சமில்லை.
ஆனால் அங்கே வாங்கினால்
பூட்டு வீடு சேருமுன்
சேதி அவனைச் சேர்ந்துவிடும்.
களியக்காவிளையில் இறங்கி
செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்தேன்
வளையல் வாங்கப் போகிறவளைப் போல
குடையைச் சுழற்றிக்கொண்டு.

கைப்பையில் பழைய கரண்டு பில்.
அதன் முதுகில்
கதவுப் பூட்டின் தகட்டைப் பென்சிலால் தேய்த்தெடுத்த படம்:
நாலு திருகாணி, ஒரு துளை,
சாவி வழுக்கி வழுக்கி விழுந்த கீறல்கள் உட்பட.

கடைக்காரர் சசிதரன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"பழயது கேடாயோ சேச்சி?"
இல்லை.
ஒரு சொட்டு எண்ணெய் கேட்காமல்
பதினோரு வருஷமாகத் திறக்கிறது.
அதுதான் கோளாறு.
"ஆமா, கேடாயி" என்றேன்.

"கதவு லெஃப்டோ ரைட்டோ?"

தினமும் திறக்கிற கதவு. தெரியவில்லை.
பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்று
கண்ணை மூடிக்கொண்டு
இல்லாத கதவைத் தள்ளினேன்.
அயனிப் பலகை, மழைக்கு ஊதியது,
தோளைக் கொடுக்காமல் அசையாது.
எந்தத் தோள் போகிறது என்று அவர் பார்த்தார்.
"லெஃப்ட்" என்று அவரே சொன்னார்.
நான் அதற்குள் உள்ளே போயிருந்தேன்.
கொடியில் ஷீட்டு இல்லை.

கண்ணாடி மேசையில் மூன்றை வைத்தார்.
ஒன்று பித்தளை மாதிரி, பித்தளை இல்லை.
ஒன்று எட்டு லிவர், கையில் எடுத்தால் அம்மிக் குழவி.
ஒன்றுக்குச் சாவியே வேண்டாமாம்,
நாலு எண்ணை அமுக்கினால் போதுமாம்.
நான் எந்த நாலு எண்ணைப் போடுவேன் என்று
எனக்கு முன்னால் அவனுக்குத் தெரியும்.
கூடப்பிறந்தவன்.

அவன் எதையும் உடைத்ததில்லை.
நான் அண்டியாபீசில் இருக்கிற நேரம் வருவான்.
முதலில் ரப்பர் ஷீட்டு நாலு.
பிறகு ஒட்டுப்பால் சாக்கு.
பிறகு மிக்சியின் சின்ன ஜார் மட்டும்,
அதை வைத்து என்ன செய்கிறானோ.
போகும்போது ஃபேனை நிறுத்தி
இரண்டு திருப்பு திருப்பி
ஒழுங்காகப் பூட்டிவிட்டுப் போவான்.
ஸ்டேஷனில் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

"எட்டு லிவர் எடுக்கிறேன்."
"மூணு சாவி வரும்.
ஒண்ணு சேச்சிக்கு, ஒண்ணு வீட்டுக்காரருக்கு,
ஒண்ணு ஸ்பேர்."

அந்தச் சொல்லில்தான் அவன் உள்ளே வந்தான்.
இவர் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிய வாரம்
நானேதான் கொடுத்தேன்,
ராத்திரி ஒரு ஆபத்து என்றால் என்று,
சிவப்பு நூல் கட்டி.

"ரெண்டு சாவி மட்டும் தர முடியாதா?"
சிரித்தார். கம்பெனிக் கணக்காம்.
மலையாளத்தில் எழுதிய பில்லை
பேருந்திலேயே கிழித்தேன்.

ஆசாரியைக் கூப்பிடவில்லை.
புதுத் தகடு பழையதைவிட ஒரு விரல் குட்டை.
மூடாத இடத்தில் மரம் வெளுப்பாகத் தெரிகிறது,
வாட்ச் கழற்றிய மணிக்கட்டு மாதிரி.
பழைய துளை அப்படியே நிற்கிறது, அதில் வெளிச்சம்.
ஒரு சாவி எனக்கு.
ஒன்று ஷெர்லினுக்கு, டியூஷன் முடிந்து தனியாக வருவாள்.
மூன்றாவதை அரிசிக்குள் புதைத்தேன்.
அவனுக்கு அரிசிப் பானையும் தெரியும்.
எடுத்து முந்தானையில் முடிந்தேன்.

சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை.
மூன்றரைக்குச் சாவி நுழையும் சத்தம்.
திரும்பவில்லை.
பழைய துளை வழியாகப் பார்த்தேன்:
எடுத்தான், சட்டையில் துடைத்தான்,
தலைகீழாக நுழைத்தான்.
சிவப்பு நூல் இன்னும் இருக்கிறது, கறுத்துப்போய்.

பிறகு கதவைத் தட்டினான்.
அவன் தட்டி நான் கேட்டதே இல்லை.
விரலை மடக்கி, மெதுவாக,
மெழுகுதிரி கேட்டு வந்த அயல்வீட்டாரைப் போல.

"யாரு?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு பெயரைச் சொன்னான்,
ரேஷன் கடையில் சொல்வதைப் போல
இன்ஷியலோடு.
எனக்கும் இருந்த இன்ஷியல்.